கண்ணாடிக்குப் போட்ட பட்டை

கரண்டு போனால் மற்ற வீடுகளில் தீப்பெட்டியைத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மாவைத் திரும்பிப் பார்ப்போம். பார்ப்போம் என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை, அப்பாவும் நானும்தான். அம்மா உடனே, "என்னை எதுக்கு ரெண்டு பேரும் பேயைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டால் எங்களுக்கு நிம்மதி. நடுவில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னால் அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வார்.

அம்மாவுக்கு வீசிங். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் உண்டாம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தவரை மாத்திரையோடு போய்க்கொண்டிருந்தது. எண்பதுகளின் கடைசியில் அப்பா, அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடையில், அப்போதுதான் கல் நட்டுப் பிரித்திருந்த மனை ஒன்றில் வீடு கட்டினார். எந்தப் பக்கம் பார்த்தாலும் யாராவது மணல் கொட்டிக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் ஏரிப் பக்கத்து ஈரம் சுவரில் ஏறும். சொந்த வீட்டுக்கு வந்ததில் அப்பாவுக்குக் கிடைத்தது பெருமை, அம்மாவுக்குக் கிடைத்தது இழுப்பு. இதை நான் அப்போதே அப்பாவிடம் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மா, "உங்கப்பா கட்டின வீட்டுல மூச்சு முட்டினாலும் சொந்த மூச்சுடி" என்று சிரித்தாள்.

அம்பத்தூர் டாக்டர்தான் அந்த மிஷினை வாங்கச் சொன்னார். மருந்தை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, முகமூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டால் மருந்து புகையாக வரும். பத்து நிமிடம் இழுத்தால் அம்மாவின் தோள் தானாகக் கீழே இறங்கும். எங்கள் தெருவில் அதற்கு முன் அப்படி ஒரு பொருளை யாரும் பார்த்ததில்லை. அம்மா அதற்குப் புகை மிஷின் என்று பெயர் வைத்தாள். "உங்கப்பா பீடியை விட்டாரு, நான் புடிச்சுக்கிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

மிஷின் வந்தது, கரண்டு இருக்க வேண்டுமே! மொத்த மனைப் பிரிவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வோல்டேஜ் இறங்கி, குண்டு பல்ப் ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆகிவிடும். மிஷின் முனகும், புகை வராது. காற்றடித்தால் கரண்டு போகும், தூறினால் போகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் போகும். அப்படி ஒரு சாயங்காலம் அம்மாவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, நான் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓட, ஆவடிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு நர்சிங் ஹோமில் ஜெனரேட்டர் இருந்தது. திரும்பி வந்த அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இவளுக்குன்னு தனியா ஒரு கரண்டு வேணும்" என்றார். ஏதோ வருத்தத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதைக் காதில் வாங்கியவர் பின் தெருவில் இருந்த சிக்னல்காரர். ரயில்வேயில் சிக்னல் வேலை, அதனால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர், மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர். மறுநாள் வந்து நின்றார்.

"அண்ணாத்தே, நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. வெயில்லேர்ந்து கரண்டு எடுக்கிற தகடு கீது. எங்க ஆளுங்க அத்துவானத்துல கீற சிக்னலுக்கெல்லாம் மாட்டி வச்சிகீறாங்கோ. ஏலத்துல ரெண்டு பழசு வந்துகீது. அண்ணிக்கு மாட்டிடலாம்."

அப்பா சிரிக்கவில்லை. அம்மாதான் சிரித்தாள். "தம்பி, எங்களுக்கு வெயில்ல வத்தல் போட்டுத்தான் பழக்கம்."

அந்தச் சித்திரையில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு தகடுகள் ஏறின. ஒவ்வொன்றும் ஆள் மார்பு உயரம், மேலே தடிமனான கண்ணாடி, உள்ளே கரு நீலத்தில் வட்ட வட்டமாக வில்லைகள். ஒரு தகட்டுக்கு முப்பத்தாறு என்று நான் எண்ணிப் பார்த்தேன். சாய்ந்து நிற்க அப்பாவே ஆங்கிள் வெட்டி ஸ்டாண்ட் செய்தார். கீழே கூடத்து மூலையில் ஒரு லாரி பேட்டரி, சிக்னல்காரரின் சிநேகிதர் ஒருவர் கட்டிக் கொடுத்த இன்வெர்ட்டர், சுவரில் ஒரு பலகை, பலகையில், பேட்டரிக்கு எவ்வளவு கரண்டு ஏறுகிறது என்று காட்டும் ஒரு மீட்டர். வெயில் நன்றாக அடித்தால் மீட்டரின் முள் நாலில் நிற்கும். பேட்டரிக்கு வெயில் மட்டும்தான் சாப்பாடு, தெருக் கரண்டிலிருந்து ஏற்ற வழி செய்யவில்லை.

தெருவில் இருந்த ஜனம் பூராவும் வந்து பார்த்தது. "ராத்திரிக்கு நிலாவுலேர்ந்து வருமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "ஷாக் அடிச்சா வெயில் அடிச்ச மாதிரி இருக்குமா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு அம்மா, "கை வச்சுப் பாருங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கரண்டு போனது. அம்மாவுக்குக் காலையிலிருந்தே இழுப்பு. அப்பா பலகையில் இருந்த சுவிட்சைத் தட்டினார். மிஷின் ஒருமுறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அம்மா முகமூடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, "கூட்டுக்கு உப்பு போட்டேனான்னு ஞாபகமில்லை, போய்ப் பாரு" என்று ஒரே மூச்சில் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கூட்டில் உப்பு இல்லை.

அந்த ஆறு மாதம்தான் நாங்கள் மூன்று பேரும் பயமில்லாமல் வாழ்ந்த காலம். காற்றடித்தால்கூட அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சில சமயம் கரண்டு போனதே எங்களுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டில் டிவி நின்ற சத்தத்தில்தான் தெரியும். அப்பா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரைப் பார்ப்பார். அவர் தொழிற்சாலையில் லேத்தில் வேலை செய்தவர். இரும்பில் தலைமுடி அளவு வித்தியாசத்தைக் கையால் தடவியே சொல்லிவிடுவார். கரண்டு மட்டும் அவருக்குப் பிடிபடாத விஷயம். கண்ணுக்குத் தெரியாத எதுவும் அவரைப் பொறுத்தவரை சாமிதான்.

ஆயுத பூஜை வந்தது.

தொழிற்சாலை ஆட்களுக்குப் பொங்கல், தீபாவளியெல்லாம் அப்புறம்தான். அன்று ஒவ்வொருவரும் தன் மிஷினைத் துடைத்துப் பூப்போட்டு மாலை கட்டுவார்கள். அப்பா வேலை செய்த ஷாப்பில் இன்னொரு வழக்கம் இருந்தது. மிஷினுக்குச் சந்தனமோ விபூதியோ வைத்தால், வேலை ஆரம்பித்த ரெண்டாம் நாளே கூலன்ட் ஆயில் வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெயிண்டிலேயே போடுவார்கள். வெள்ளை எனாமலில் மூன்று கோடு, நடுவில் சிவப்புப் பொட்டு. வருஷம் முழுக்க நிற்கும். அப்பா அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாசல் நிலை, சைக்கிள், தையல் மிஷின், கிணற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் பெயிண்டில் பட்டை. ஆடாமல் நின்றால் எனக்கும் ஒன்று போட்டிருப்பார்.

அந்த வருஷம் வீட்டின் முக்கியமான ஆயுதம் எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. குளித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெயிண்ட் டப்பாவோடு மாடிக்கு ஏறினார். நான் சிவப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அம்மா படி ஏறக் கூடாது, இருந்தாலும் மெதுவாக ஏறி வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நெற்றி மேலேதானே இருக்கும்! அப்பா தகட்டின் மேல் வரிசையில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மூன்று பட்டையைக் கை நடுங்காமல் இழுத்தார். லேத்தில் கடைந்த மாதிரி கோடு. பிறகு இரண்டாவது தகடு.

"கண்ணாடியை மறைக்குதே, பரவாயில்லையா?" என்றாள் அம்மா.

"இத்தாம்பெரிய கண்ணாடில மூணு கோடு என்னத்தை மறைச்சிடப் போவுது? உன் மூச்சு இது. இதுக்குப் போடாம வேற எதுக்குப் போடறது?"

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. பொட்டை நான் வைத்தேன். அப்பா வைத்திருந்தால் எட்டணா அளவில் வைத்திருப்பார். நான் பிரஷ்ஷை வாங்கி நன்றாகச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு வைத்தேன். "இது அம்மன் பொட்டு" என்று எனக்கு நானே பெருமை வேறு. மூன்று பேரும் சூடம் காட்டிக் கும்பிட்டோம். பூசணிக்காய் உடைத்தோம்.

அதற்கடுத்த வாரமே மேகம் கட்டிக்கொண்டது. ஐப்பசி அல்லவா! மீட்டரின் முள் ஒன்றைத் தாண்டவில்லை. "மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. இடையில் இரண்டு நாள் பளீரென்று வெயில் அடித்தது. அப்போதும் முள் ஒன்றரைக்கு மேல் போகவில்லை. அப்பா பேட்டரி மூடியைத் திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். ஒயரையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தார். பேட்டரியைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, விற்றவரிடமே தள்ளிக்கொண்டு போனார். அவர் ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, "பேட்டரியில ஒரு கோளாறும் இல்லைங்க" என்றார். மூன்றாம் நாள் அது மறுபடியும் சோர்ந்துபோனது. அப்பா மறுபடியும் போய் அந்த மனிதரோடு பெரிய சண்டை போட்டுவிட்டு வந்தார். பாவம், அவர் சொன்னது உண்மை. மொட்டை மாடிக்குப் போய்க் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கியிருப்போம்.

பார்த்ததும் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் சிக்னல்காரர் ஒருவர்தான். ரயில்வே அவரை மூன்று மாத வேலைக்கு ரேணிகுண்டா பக்கம் அனுப்பியிருந்தது.

கார்த்திகை தொடக்கத்தில் அந்த மழை. முதல் நாள் சாயங்காலமே டிரான்ஸ்பார்மர் இருந்த பள்ளத்தில் தண்ணீர் ஏறி, கரண்டை நிறுத்திவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். ரயிலும் ஓடவில்லை. முதல் நாள் மிஷின் ஓடியது. இரண்டாம் நாள், அம்மா தானாகவே பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துக்கொண்டாள். "மிச்சம் புடிச்சு வைப்போம்" என்றாள். சோற்றை மிச்சம் பிடிப்பாள், துணியை மிச்சம் பிடிப்பாள், அன்று மூச்சை மிச்சம் பிடித்தாள். மாத்திரை கொடுத்தோம், வாயில் அடித்துக்கொள்கிற மருந்தைக் கொடுத்தோம், வெந்நீர் கொடுத்தோம். மூன்றாம் நாள் பகல் இரண்டு மணி இருக்கும். முகமூடியை வைத்து சுவிட்சைப் போட்டேன். மிஷின் மூன்று தடவை உதறியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தது.

அப்பா தண்ணீரில் இறங்கி ஓடினார். அரைமணி கழித்து மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றோடு வந்தார். வண்டிக்காரர் பின்னால் தள்ள, அப்பா முன்னால் இழுக்க, தார்ப்பாயை அம்மாவுக்கு மேல் பிடித்துக்கொண்டு நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் தலை என் மடியில். ஆவடி ரோட்டுக்கு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், "உங்கப்பா செருப்பு..." என்றாள். நின்றாள். அவளுடைய வாக்கியங்கள் எப்போதும் நின்ற இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கும், அதனால் காத்திருந்தேன். அப்பாவின் செருப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டதை அவள் பார்த்திருக்கிறாள். அதைத்தான் சொல்ல வந்தாள். நர்சிங் ஹோம் வாசலில், ஜெனரேட்டர் சத்தம் காதைப் பிளக்க, டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

எனக்கு அப்போது இருபது வயது. அழுதேன், அதைவிடக் கோபப்பட்டேன். மழை மேல், டிரான்ஸ்பார்மர் மேல், பேட்டரிக்காரர் மேல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு சிக்னல்காரர் வந்தார். ரேணிகுண்டாவிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். அப்பா அம்பத்தூருக்கு ஏதோ சர்டிபிகேட் வாங்கப் போயிருந்தார். சிக்னல்காரர் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "நான் மாட்டின சாமான் அண்ணியைக் கைவுட்டுச்சே, பாப்பா. நல்லா ரொம்பி இருந்தா நாலு நாள் தாங்கியிருக்குமே. இன்னா ஆச்சுன்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று மாடிக்கு ஏறினார். அவரே தன்னைக் குற்றவாளியாக நிறுத்திக்கொண்டு வந்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. நானும் பின்னால் ஏறினேன்.

வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. தகடுகளுக்கு முன்னால் போய் நின்றவர் அந்த வெள்ளைப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது பெயிண்ட்டா?"

"ஆமா. ஆயுத பூஜைக்கு அப்பா போட்டது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. நான் விடவில்லை. என்ன, என்ன என்று கேட்டு உலுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நம்ம ஷெட்டுல யூனிட் வண்டி, அதான் எலெக்ட்ரிக் ரயிலு, நிக்குதுல்ல, அதுல ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் பிரேக் இறுக்கி புடிச்சிகினா இன்னா ஆவும்? மிச்ச பெட்டியெல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா மொத்த வண்டியும் இழுக்க முடியாம நிக்கும்ல. இதுவும் அப்டித்தான் கண்ணு. இந்த முப்பத்தாறும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்துகினு கீது. மேல் வரிசையை மூடிட்டா, கீழ கீறதெல்லாம் வெயில்ல காஞ்சிகினு சொம்மா நிக்கும்."



"மழையிலயும் ஏறியிருக்குமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஏறும். அதுக்கு முன்னாடியே ரொம்பி இருந்திருக்கும். அம்மாம்தான் எனக்குத் தெரியும். அண்ணி பொழைச்சிருப்பாங்களான்னு என்னைக் கேக்காத, கண்ணு." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "உங்க நைனாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த ஆளு உசுரோட இருக்க மாட்டாரு. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

அவர் போனதும் அப்பாவின் பெட்டியிலிருந்து பழைய ஷேவிங் பிளேடுகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடிக்குப் போனேன். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஊறவைத்து, சுரண்டினேன். வெள்ளை சீக்கிரம் வந்துவிட்டது. நான் வைத்த சிவப்புப் பொட்டுதான் வரவில்லை. நன்றாகத் தடிமனாக வைத்திருந்தேனே! இரண்டு விரலில் பிளேடு கிழித்தது. இரண்டாவது தகட்டின் பொட்டை முடிக்கும்போது பின்னால் அப்பா நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டு அழிக்கிறே?"

வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். "சாமி என்னத்தைக் கிழிச்சுது? அம்மாவைக் காப்பாத்துச்சா? அதுக்கு எதுக்குப் பட்டை?"

அவர் கை ஓங்கினார். இறக்கினார். அவர் வாழ்நாளில் என்னை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. என் விரலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போய், மஞ்சள் பொடி டப்பாவை எடுத்துப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் முள் நாலில் போய் நின்றது. அப்பா கூடத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாடு போட்டுவிட்டுக் கூப்பிட்டேன், வரவில்லை. "வெயில் நல்லா அடிக்குதுப்பா, அதான்" என்றேன். "ஆமா, வெயில்தான்" என்றார். வந்து உட்கார்ந்து, ஒரு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாமிக்குப் போட்ட பட்டையைச் சுரண்டிய பெண் என்ற பேர் எனக்கு எப்படிப் பரவியது என்று தெரியவில்லை, எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்திருக்க வேண்டும். அத்தை, அப்பாவின் அக்கா, திருவள்ளூரிலிருந்து இதற்கென்றே வந்து, "தாயைப் பறிகொடுத்துட்டு சாமியையும் பகைச்சுக்கறியே, உன்னை எவன் கட்டுவான்?" என்று கூடத்தில் உட்கார்ந்து கத்தினாள். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களுக்காகத்தானே இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. என் நீள வாயை நான் கட்டிப்போட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

உண்மையை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். என் கோபம் சாமி மேல் இல்லை. அப்பா மேல்தான். அவர் இழுத்த அந்த நேர்க்கோடு மேல். அம்மா கேட்டாளே, மறைக்குதே என்று கேட்டாளே, அதைக் காதில் வாங்காமல் போனதன் மேல். அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அது நெஞ்சில் வந்து நின்றது. அடுத்த நிமிஷமே, ஒரு வில்லையையே மூடிய என் பெரிய பொட்டு ஞாபகம் வரும், அப்புறம் என் மேலேயே திரும்பும். பாவம் மனுஷன், அன்பில் செய்தது என்று நினைப்பேன். ஆனாலும் கோபம் போகாது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது எனக்கு இருபது வயதிலேயே தெரிந்துபோனது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா பெயிண்ட் டப்பாவை எடுக்கவில்லை. சைக்கிளுக்கு மட்டும் ஒரு விரலால் சந்தனம் தொட்டு வைத்தார். என் பேச்சுக்குப் பயந்து விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து என்னையும் ஒருவர் கட்டிக்கொண்டார். கொரட்டூருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி அப்பாவைப் பார்க்க வருவேன். அதற்குள் அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். புகை மிஷினை அம்பத்தூர் டாக்டரிடமே கொடுத்துவிட்டார். தகடுகளை மட்டும் விற்கவில்லை. டிரான்ஸ்பார்மர் இரண்டாகி, கரண்டு ஓரளவு ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தது. தெருவில் பலர், "அதை எதுக்கு வச்சிருக்கீங்க, எடைக்குப் போடுங்க" என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒரு ஞாயிறு. வீட்டில் அப்பாவைக் காணவில்லை. காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தகட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தைப் பழைய பேப்பரால் தேய்த்தார். ஒரு காக்கை எச்சத்தை நகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல எடுத்தார். தினமும் செய்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது, அவ்வளவு பழகிய கை. மேல் வரிசைக்கு வந்ததும் அதை மட்டும் மூன்று தடவை துடைத்தார்.

டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் அவருக்கும் தெரியும், முள் நாலுக்குப் போன அன்றிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை கத்தியபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்பதும்.

அவர் திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்கு நீ சுரண்டினியேம்மா. கோவத்துலதானே?"

"ஆமாப்பா."

"சாமி மேலயா, என் மேலயா?"

துடைக்கிற கை நின்றிருந்தது. கீழே தெருவில் யாரோ உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் முனை திரும்பியது.

"சாமி மேலதான்" என்றேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் லேசாகச் சிரித்தார். "உங்கம்மாவுக்கும் பொய் சொல்ல வராது" என்றார்.

நான் டம்ளரைச் சுவர் மேல் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். "கீழ் வரிசைக்கு என்னால குனிய முடியலை, நீ துடை" என்றார். துடைத்தேன்.